மருத்துவச்சியின் கணக்கு



வாழ்நாளெல்லாம் வரலாறு கற்பித்த ஒருவரை இந்தப் பட்டமளிப்பு மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். அவருக்கு மிகப் பிடித்த வரலாற்று மனிதர் ஒரு மருத்துவச்சி.

மார்த்தா பல்லார்ட் 1735-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1769 கோடையில் தொண்டை அடைப்பான் நோய் அவருடைய பிள்ளைகளில் மூவரைச் சில வாரங்களுக்குள் கொண்டுபோயிற்று. பிறகு குடும்பம், இன்று மெய்ன் மாநிலமாக இருக்கும் பகுதிக்கு, கென்னபெக் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், 1785 ஜனவரியில், மார்த்தா நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1812 மே மாதம், இறப்பதற்குச் சற்று முன்புவரை எழுதினார். அன்றைய வானிலை, யார் வீட்டில் பிரசவம், ஆணா பெண்ணா, கூலி வந்ததா என்பதோடு பெரும்பாலும் முடித்துவிடுவார். அப்படிப் பதிவான பிரசவங்கள் 816.

எங்கள் கல்லூரி நாட்களில் 1789 என்றால் பாஸ்டில் கோட்டையின் வீழ்ச்சி, அமெரிக்க அதிபராக வாஷிங்டன் பதவியேற்பு. விடுதி மொட்டைமாடியில் உரக்கச் சொல்லியே மனப்பாடம் செய்வோம். வாஷிங்டன் நியூயார்க்கில் உறுதிமொழி எடுத்தது அந்த ஆண்டு ஏப்ரல் 30. அதற்கு ஆறு நாள் முன்பு, கொட்டும் மழையில், 54 வயது மார்த்தா பிரசவம் பார்க்கக் கிளம்பினார். கொந்தளித்த ஆற்றைப் படகில் கடந்தார். ஓர் ஓடையை மிதந்த மரக்கட்டைகள் மேல் கால்வைத்துத் தாண்டினார். வழியில் பெருமரம் ஒன்று வேரோடு சாய, குதிரை மிரண்டு பின்வாங்கியதால் உயிர் பிழைத்தார். அடுத்த ஓடையில் பாலமே இல்லை. அழைக்க வந்தவர் தண்ணீரில் இறங்கிக் குதிரையை நடத்திச் சென்றார். இரவு பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கு அந்த வாரத்தின் பெரிய செய்தி எது?

வரி வசூலிப்பவராக இருந்த கணவர் எஃப்ரயிம், வசூல் பாக்கிக்காக 1804-இல் சிறைக்குப் போனார். எழுபதை நெருங்கிய மார்த்தா விறகுக்கும் அல்லாடினார். அப்போதும் எழுதினார்.

பின்னால் வந்தவர்கள், அன்றாட அற்பங்கள் என்று அந்த ஏடுகளை ஒதுக்கினார்கள். வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் ஒதுக்கவில்லை. வரி வரியாக எண்ணினார், ஊர்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார். நூல், துணி, மூலிகை, கைம்மாற்று வேலை என்று ஆண்களின் கணக்குப் புத்தகங்களில் ஏறாத ஒரு பொருளாதாரத்தைப் பெண்கள் நடத்திவந்தது அதில் தெரிந்தது. 1990-இல் வெளிவந்த அவருடைய நூல் மறு ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது.

அந்த ஏடுகள் எப்படிப் பிழைத்தன? குடும்பத்துப் பெண்கள் காப்பாற்றினார்கள். மார்த்தாவின் கொள்ளுப்பேத்தியின் தலைமுறைக்கு அடுத்து வந்த மேரி ஹோபார்ட் 1884-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த ஆண்டுதான் அவருக்குப் பாட்டி முறையான உறவுப் பெண்கள் அவற்றை அவரிடம் ஒப்படைத்தனர். 1930-இல் அவர் மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார்.

மார்த்தா பிறந்த அதே நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. அவர் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; பெரிய மனிதர். அவர் வீட்டில் பிரசவம் பார்த்தவளின் குரல் நம்மிடம் இல்லை. இந்த இழப்பு என்னை விடாமல் அரிக்கிறது. உங்கள் பாட்டிமார் பலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள். விடுமுறையில் நோட்டும் பேனாவுமாக அவர்களிடம் உட்காருங்கள். முதல் பிரசவம் எங்கே, யார் பார்த்தது, நாற்று நட என்ன கூலி, வீட்டுக்கு மின்சாரம் எப்போது வந்தது என்று கேட்டு, தேதியோடு எழுதிவையுங்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எழுதிய பழைய நோட்டுகள் பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்.