விசா யார் கையில்? செவிலியரும் முதலாளியை விட்டு விலகும் உரிமையும்

(மாணவர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மருத்துவமனை வேலைக்காக வெளிநாடு போவது வாய்ப்பா, சுரண்டலா என்று கேட்டு என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால், வாய்ப்பு எந்த இடத்தில் சுரண்டலாக மாறுகிறது என்று தெரிந்தால்தான் எதை எதிர்ப்பது, எதைக் கேட்டு வாங்குவது என்பது விளங்கும். அதற்காக ஒரே ஒரு விசாவை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டன் 2020 ஆகஸ்ட் முதல் வழங்கிவரும் ‘ஹெல்த் அண்ட் கேர்’ விசா. நம்மூரிலிருந்து அங்கே செவிலியர் வேலைக்குப் போகிறவர்கள் இந்த விசாவில்தான் போகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? வேலை கொடுக்கும் மருத்துவமனை பிரிட்டன் உள்துறையிடம் ஸ்பான்சர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்த மருத்துவமனை உங்கள் பெயருக்கு ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்று கொடுக்கும். அதை வைத்துத்தான் விசா. எந்த முதலாளி, என்ன வேலை என்பதெல்லாம் அந்தச் சான்றிலேயே இருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாற வேண்டுமென்றால் அவர்களிடமும் உரிமம் இருக்க வேண்டும், அவர்கள் புதிய சான்று தர வேண்டும், நீங்கள் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

இடையில் வேலை போனால்? முதலாளி பத்து வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உள்துறை விசாக் காலத்தைக் குறைத்துக் கடிதம் அனுப்பும். வழக்கமாக 60 நாள். அதற்குள் இன்னொரு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் நேரடியாகச் சேர்ந்தால் சம்பளத்துக்குப் பொதுவான அட்டவணை உண்டு. மற்ற விசாக்காரர்கள் கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணம் இந்த விசாவுக்கு இல்லை. செவிலியர் குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். ஐந்து ஆண்டுகள் முடித்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்ற விதியை நம்பித்தான் பலரும் போனார்கள். அந்த ஐந்தைப் பத்தாக்கும் திட்டத்தை பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. ஸ்பான்சரை நம்பியிருக்க வேண்டிய காலம் இரண்டு மடங்காகும் என்பதுதான் இதற்குப் பொருள்.

அப்படியென்றால் ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கே நடப்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு போராடினார்கள். தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, 50 படுக்கைக்கும் குறைவான இடத்தில்கூட செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-இல் அமைந்த குழு பரிந்துரைத்தது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

சம்பளத்தோடு சாதியும் இருக்கிறது. அடுத்தவர் உடலைத் தொடுவதும் கழிவைத் துடைப்பதும் தீட்டு என்று கருதிய சமூகம் இது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய காலத்தில், ‘நல்ல குடும்பத்துப் பெண்’ செய்யும் வேலையாக இதை யாரும் எண்ணவில்லை. இந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவர்களில் கிறித்தவம் தழுவிய குடும்பங்களின் பெண்கள் அதிகம். பிற்பாடு ரியாலிலும் பவுண்டிலும் சம்பளம் வரத் தொடங்கியதும் கல்யாணச் சந்தையில்கூட ‘நர்ஸ்’ என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது. வேலை அதேதான். மதிப்பு வந்தது பணத்துக்கு.

என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சாதிக் கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த இயக்கம் இது. வாடகைக்கு வீடு கேட்கும்போது ‘நீங்க எந்தத் தெரு?’ என்ற கேள்வி வராத ஓர் ஊரில் வாழ்வதே நம்மவர்களுக்குப் பெரிய மூச்சு. போகும் உரிமைக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. போன இடத்தில் தேவைப்படும் இன்னோர் உரிமையைப் பற்றித்தான் பேசுகிறேன். அது முதலாளியை விட்டு விலகும் உரிமை.

1936-இல் எழுதி, மேடையேறாமல் போன ‘சாதி ஒழிப்பு’ உரையில் அண்ணல் அம்பேத்கர் இதைத் தொட்டிருக்கிறார். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரிக்கிறது என்று அவர் வாதிட்டார். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத சுதந்திரத்தை அவர் சுதந்திரமாக ஏற்கவில்லை. அடிமைத்தனத்தை நீடிக்கவைப்பதாகவே பார்த்தார்.

விசாவும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதி பிறப்பிலேயே ஒட்டிக்கொள்கிறது, பிள்ளைகளுக்கும் தொடர்கிறது. விசா நாமே கேட்டு வாங்குவது. அதற்கு முடிவு தேதி உண்டு. ஆனால், விலகிப் போக முடியாத ஆளிடம் எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு அறிந்தது. தஞ்சையின் பண்ணையாளையும், செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பத்தையும் கட்டிவைக்கச் சங்கிலி தேவைப்படவில்லை. கடனும், வெளியே போனால் பிழைக்க வழியில்லை என்ற பயமும் போதுமாக இருந்தன. 1982-இல் ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அங்கீகரித்தது. அடித்து வேலை வாங்கினால் மட்டுமே கட்டாய உழைப்பு என்றில்லை. வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்வதும் அரசமைப்பின் 23-ஆவது உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது.

பிரிட்டன் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு மேலேயே கிடைக்கிறது. ஆனால் பயம் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். கூடுதலாக ஓர் இரவு ஷிப்ட் பார்க்கச் சொன்னால் மறுக்க யோசிப்பார். வார்டில் ஆள் போதவில்லை என்று எழுதிக்கொடுக்கத் தயங்குவார். பயணம், தேர்வு, பயிற்சிச் செலவையெல்லாம் கணக்குப் போட்டு, குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தால் பயம் இரட்டிக்கும். நம்மூர் ‘பாண்டு’தான் அது, ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கும்.

இப்போது இதில் சாதியைச் சேர்த்துப் பாருங்கள். மேலாளரோ விடுதி நடத்துபவரோ நம் நாட்டுக்காரர். குடும்பப் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் சாதியைத் தோண்டி எடுக்கிறார். ஷிப்ட் ஒதுக்குவதில் பழிவாங்குகிறார். சட்டம் உதவுமா? பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதி தனித்து எழுதப்படவில்லை. பின்னாளில் சேர்க்க வழி மட்டும் விடப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றம் அதைச் சேர்ப்பதை அரசின் கடமையாக்கியது. 2018 ஜூலையில் அரசு, சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் போதும் என்பது அதன் வாதம். அது சுட்டிய தீர்ப்பு, இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பெண் தன் முதலாளிகள்மீது தொடுத்த வழக்கில் 2014-இல் வந்தது. சில சூழல்களில் சாதியும் ‘இன வழி’ என்ற சொல்லுக்குள் அடங்கலாம் என்றது. அடங்கும் என்று நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டும்.

தீர்ப்பாயத்துக்குப் போக இதுவரை இருந்துவந்த வழக்கமான காலக்கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. வேலை போனபின் நாட்டில் இருக்கக் கிடைப்பதோ 60 நாள். வழக்குத் தொடுக்கும் கெடு முடியும் முன்பே நாட்டில் இருக்கும் கெடு முடிந்துவிடுகிறது. வழக்கு முடியும்வரை யார் வீட்டில் தங்கி, எதை வைத்துச் சாப்பிடுவது?

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. 1948-இல் என்.எச்.எஸ். தொடங்கியபோது கரீபியத் தீவுகளிலிருந்து பெண்களைச் செவிலியராக அழைத்தார்கள். அவர்களில் பலரை இரண்டாம் தரப் பயிற்சியில் தள்ளினார்கள், நிறவெறிக்குக் குறைவேயில்லை. ஆனால், அதே 1948-இன் குடியுரிமைச் சட்டப்படி அவர்கள் குடிமக்களாக வந்தார்கள். வேலையை விட்டதற்காக யாரும் அவர்களை நாடுகடத்த முடியாது. 1963-இல் பிரிஸ்டல் நகரில் கறுப்பர்களை வேலைக்கு எடுக்க மறுத்த பேருந்து நிறுவனத்தைப் புறக்கணித்துப் பணியவைத்தது அந்தத் தலைமுறைதான். 1968-இன் இன உறவுச் சட்டம் வேலையிடப் பாகுபாட்டைத் தடைசெய்ததும் அப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகுதான். அங்கேயே இருக்க முடிந்ததால் எதிர்த்து நிற்கவும் முடிந்தது.

இப்போதைய அரசுகள் வேறு வழியில் போகின்றன. முதியோர் பராமரிப்புப் பணியாளர்களை 2022 பிப்ரவரியில் இதே விசாவில் சேர்த்தார்கள். அங்கே நடந்த சுரண்டல் வெளியே வந்ததும் என்ன செய்தார்கள்? 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை போட்டார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்தினார்கள். மோசடி செய்த முதலாளியின் உரிமத்தை ரத்து செய்தால், அவரிடம் வேலை பார்த்தவருக்கும் அதே 60 நாள் கடிதம்தான் வருகிறது. வட்டிக்காரனைக் கைது செய்துவிட்டுக் கடன் வாங்கியவரை ஊரைவிட்டு விரட்டுவது போன்ற நீதி. இப்படி இருந்தால் யார் போய்ப் புகார் கொடுப்பார்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவானது. விசா மருத்துவமனையோடு கட்டப்படக் கூடாது; துறைக்குள் எந்த மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் அனுமதியாகப் பணியாளரின் கையில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு வழக்கு முடியும்வரை தங்கவும் வேலை பார்க்கவும் அனுமதி வேண்டும். சமத்துவச் சட்டத்தில் சாதி என்ற சொல் எழுதப்பட வேண்டும். அங்கே இருக்கும் அம்பேத்கரிய அமைப்புகள் மூன்றாவதற்காக நீண்ட நாளாகப் போராடுகின்றன. முதல் இரண்டையும் அதோடு சேர்க்க வேண்டும்.

போகத் தயாராகும் தோழர்களுக்குச் சில செய்திகள். ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கான கட்டணத்தையும் ‘ஸ்கில்ஸ் சார்ஜ்’ எனப்படும் திறன் கட்டணத்தையும் முதலாளிதான் கட்ட வேண்டும். உங்களிடம் கேட்டால் அது விதிமீறல். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் உச்சவரம்பு. லட்சங்களில் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் முன், பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். போய்ச் சேர்ந்ததும் யுனிசனிலோ ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கிலோ உறுப்பினராகுங்கள். அங்கே சாதி என்றால் என்ன என்று கேட்டால், விளக்கிச் சொல்லுங்கள்.

இங்கேயே இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டு செவிலியரை வேலை வாங்கும் மருத்துவமனைகள் நம் மாவட்டத் தலைநகரங்களிலேயே உண்டு. அந்தப் பீரோவைத் திறக்கவைப்பதிலிருந்து தொடங்குவோம்.