காய்கறிக் கடையில் முளைத்த மருத்துவமனை

(மருத்துவமனை நண்பர்களின் கூடுகையில் ஆற்றிய உரை)



மருத்துவமனை என்றதும் நாம் வழக்கமாக மருத்துவர்களையும் செவிலியர்களையும் நினைவுகூருகிறோம். இன்று காய்கறி விற்ற ஒரு தாயாரின் நீண்ட வாழ்வை உங்களோடு நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் சுபாசினி மிஸ்திரி. மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர். பள்ளிப்படிப்பு இல்லாதவர். ஆயினும் ஏழைகளுக்கென்று ஒரு மருத்துவமனை எழும்ப அவரே காரணமானார்.

வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய 1940-களில், ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் இவர். பன்னிரண்டு வயதிலேயே மணம் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். கணவர் கூலி வேலை செய்தவர். கொல்கத்தாவின் தென்புறத்தில் உள்ள ஹன்ஸ்புகூர் கிராமத்தில் குடித்தனம். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். 1971-ஆம் ஆண்டில் கணவருக்கு வாந்திபேதி போன்ற வயிற்று நோய் கண்டது. கையில் பணமில்லை, தக்க சிகிச்சை கிடைக்கவில்லை, அவர் இறந்துபோனார். இருபதுகளில் இருந்த அந்த இளம் தாய், நான்கு குழந்தைகளோடு தனியே நின்றார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். அதே 1971-ஆம் ஆண்டில், அதே மேற்கு வங்காளத்தில், எல்லையோர ஊரான பன்கானில் கிழக்கு வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநாபிஸ், ஊசி வழியாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. இன்று நமது வெளிநோயாளர் பிரிவில் தாய்மாரின் கையில் கொடுத்தனுப்புகிற உப்புச் சர்க்கரைக் கரைசலும் அவ்வகையைச் சேர்ந்ததே. அம்மருத்துவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

வயிற்று நோயால் உடல் நீர் வற்றிப்போகிறவரைக் காப்பாற்றும் வழி அந்த ஆண்டிலேயே அந்த மாநிலத்தில் இருந்தது என்பது இதனால் விளங்கும். அதன் விலையும் சில பைசாக்களே. ஆனால் அந்த அறிவுக்கும் ஹன்ஸ்புகூரின் அந்தக் குடிசைக்கும் இடையே நீண்ட தூரம் இருந்தது. சுபாசினி அம்மையார் அந்தத் தூரத்தைத்தான் தம் வாழ்நாள் முழுவதும் குறைக்கப் பாடுபட்டார்.

கணவரை இழந்த நாட்களிலேயே, தம்மைப்போல் வேறெந்த ஏழையும் மருத்துவமின்றித் தவிக்கலாகாது, இவ்வூரில் ஒரு மருத்துவமனை கட்டுவேன் என்று அவர் சொன்னாராம். கேட்டவர்கள் நகைத்தார்கள். அதில் வியப்பில்லை. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாதவர் மருத்துவமனை கட்டுவதாகச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

வீட்டு வேலை, கூலி வேலை எனக் கிடைத்ததையெல்லாம் செய்தார். பின்னர் தாபா என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்தார். கொல்கத்தா நகரின் குப்பை கொட்டப்படும் பகுதி அது. அந்த மண்ணில் விளையும் காய்கறிகள் நகரத்தின் சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே காய்கறி வாங்கி விற்கத் தொடங்கினார். பிறகு நகருக்குள் பார்க் சர்க்கஸ் அருகே சாலையோரத்தில் தரைக்கடை போட்டார். தரைக்கடைக்காரரின் பிழைப்பு நம்மில் பலருக்குத் தெரிந்ததே. விடியுமுன் சரக்கு எடுக்க வேண்டும். வெயிலேற ஏறக் கீரை வாடும். மாலைக்குள் விற்காத சரக்கு மறுநாள் பாதி விலைக்கும் போகாது. மழை வந்தால் அன்றைய வருமானம் போயிற்று. அப்படிப்பட்ட தொழிலில் கிடைத்த லாபத்திலிருந்து, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் சிறிது சிறிதாகப் போட்டு வந்தார். நம் ஊர்ப் பெண்கள் சிறுவாடு என்று சேர்ப்பார்களே, அதுபோன்ற பணம்தான். நகை வாங்கவோ வீடு கட்டவோ அதை அவர் எடுக்கவில்லை.

இதற்காக அவர் கொடுத்த விலை பெரிது. பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட இயலாமல், மகன் அஜயை அநாதை இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். தாய் உயிரோடு இருக்கையில் பிள்ளை அநாதை இல்லத்தில் வளர்வது எந்தத் தாய்க்கும் எளிதன்று. அந்த மகன் படித்து மருத்துவரானார். தாயின் எண்ணத்துக்குக் கையும் காலுமாக நின்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1992-இல், ஹன்ஸ்புகூரிலே ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தை 10,000 ரூபாய்க்கு அம்மையார் வாங்கினார். அவ்வளவு ஆண்டுச் சேமிப்பும் அந்த நிலத்துக்கே போயிற்று. கட்டடத்துக்குக் காசில்லை. மகன் ஊராரைக் கூட்டி உதவி கேட்டார். எல்லாரும் ஏழைகள். திரண்ட தொகை 926 ரூபாய். பணம் இல்லாதவர்கள் மூங்கில் கொடுத்தார்கள், ஓலை கொடுத்தார்கள், மண் கொடுத்தார்கள், அதுவும் இல்லாதவர்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். 1993-இல் ஒரு கொட்டகை எழும்பியது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, வாரத்தில் ஒரு நாளாவது இலவசமாக வந்து பாருங்கள் என்று சுற்றுவட்டார மருத்துவர்களை வேண்டினார்கள். சிலர் மனமுவந்து வந்தார்கள். முதல் நாளில் மட்டும் 252 நோயாளிகள் பார்க்கப்பட்டார்கள்.

நண்பர்களே, இந்த எண்ணைச் சற்று சிந்தியுங்கள். அந்த 252 பேரும் அன்றைக்குத்தான் நோயுற்றவர்களா? மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், நோயைச் சுமந்துகொண்டு வீட்டிலேயே இருந்தவர்கள். கதவு திறந்ததும் வந்துவிட்டார்கள். கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்துகிற நமக்கும் இது புதிதன்று. நோயாளிகள் வராத ஊரில் நோய் இல்லை என்று பொருளல்ல.

மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. சாலையில் வைத்து நோயாளிகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. உறுதியான கட்டடம் தேவை என்று உணர்ந்து, தாயும் மகனும் பல வாசல்களைத் தட்டினார்கள். கடைசியில் உதவி வந்தது. ‘ஹியூமானிட்டி ஹாஸ்பிடல்’ என்ற பெயரில் எழுந்த கட்டடத்தை 1996-இல் மாநில ஆளுநர் திறந்து வைத்தார். மனிதநேயம் என்பதே அதன் பெயர். பின்னர் சுந்தரவனப் பகுதியிலும் ஒரு கிளை தொடங்கப்பட்டது. 2018-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மருத்துவமனை திறந்த பின்பும் அவர் காய்கறி விற்பதை விட்டுவிடவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். மருத்துவமனை நடத்துகிற எவருக்கும் இதன் பொருள் உடனே விளங்கும். கட்டடத்துக்கு ஒரு நாள் திறப்பு விழா, அதோடு முடிந்தது. மருந்தும் மின்சாரமும் பிராணவாயுவும் ஊழியர் சம்பளமும் மாதந்தோறும் வருகிற செலவுகள். அவற்றுக்கு ரிப்பன் வெட்டுவதில்லை. கல்வெட்டில் பெயர் பொறிப்பதுமில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வருகிற பிரசவ நோயாளி உயிர் பிழைப்பது அந்த மாதாந்தரச் செலவினால்தான். மாதந்தோறும் நூறோ இருநூறோ தவறாமல் அனுப்புகிற உங்களில் பலர், இத்தனை சிறிய தொகையால் என்ன ஆகும் என்று எங்களிடம் கேட்டதுண்டு. காய்கறிக் கூறுகளில் மிஞ்சிய காசு என்ன செய்தது என்பதே அதற்கு நாங்கள் கூறும் பதில்.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை நாமெல்லாரும் அறிவோம். சுபாசினி அம்மையார் நம் சபைகளைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர் வாழ்வைக் கேட்கும்போது அந்த விதவையின் நினைவு வராமல் போகாது. இவர் அந்த இரண்டு காசை இருபது ஆண்டுகளாக, ஒவ்வொரு நாளும் போட்டார்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்கலாகாது. ஒரு தாய் பிள்ளையைப் பிரிந்து, வயிற்றைக் கட்டி, வாழ்நாளையெல்லாம் செலவிட்டால்தான் ஒரு கிராமத்துக்கு மருத்துவம் கிடைக்கும் என்ற நிலை நல்ல நிலையன்று. இன்னொரு தாய் இப்படி ஒரு விலை கொடுக்கத் தேவையில்லாதிருக்கும்படி, பாரத்தைப் பலர் பகிர்ந்து சுமக்க வேண்டும். அதைத்தான் நீங்கள் செய்து வருகிறீர்கள். உங்கள் ஊரிலும், உங்கள் தெருவிலும், கடைவீதியிலும், நோயை மறைத்துக்கொண்டு வேலை செய்கிற ஏழைகள் உண்டு. பணத்துக்குப் பயந்து அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடாதபடி, எங்களிடம் அழைத்து வாருங்கள். அதுவும் காணிக்கையே.