சொறியும் கடற்பஞ்சும்

(நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



குளச்சலிலும் முட்டத்திலும் வலை இழுக்கும் தோழர்களுக்குச் சொறி என்பது புதிய சமாச்சாரமல்ல. மேலே பட்டால் நெருப்புப் போல் எரியும். இதைச் சிலர் மீன் என்கிறார்கள்; சிலர் வெறும் நுரை என்கிறார்கள்; பட்டவனுடைய தலைவிதி என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இம்மூன்றில் எது நிஜம்? பிராணியையே அறுத்துப் பார்த்தால்தானே தெரியும்!

சொறிக்கு முதுகெலும்பு இல்லை, செவுள் இல்லை, இருதயமும் மூளையும் இல்லை. ஆகவே அது மீனல்ல. உடம்பில் 100-க்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். இரண்டு தோல் அடுக்கு, நடுவில் கூழ், உள்ளே ஒரு குழி வயிறு. தின்பதும் கழிப்பதும் ஒரே வாய். ஆனதால்தான் அதைக் குழியுடலி என்ற கூட்டத்தில் வைத்தார்கள். பவளப் பூச்சியும் கடல் சாமந்தியும் இதே கூட்டந்தான். உருவம் வேறானாலும் மூன்றுக்கும் கொட்டும் அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பை, அதற்குள் சுருண்ட நூல். தொட்டவுடன் அது பாய்ந்து விஷத்தை ஏற்றும்.

கடற்பஞ்சோ இதனினும் எளியது. ஓடாமல் ஒட்டியிருப்பதால் அதைச் செடியென்றே அநேகர் எண்ணியிருந்தார்கள். 1820-களில் ராபர்ட் கிராண்ட் என்பவர், சிறு துளைகளால் தண்ணீர் உள்ளே புகுந்து பெருந்துளையால் வெளியேறுவதைக் கண்டு காட்டினார். அந்தத் தண்ணீரை வடிகட்டியே அது இரை தேடுகிறது. வாயுமில்லை, வயிறுமில்லை, நரம்புமில்லை. எனவே அது துளையுடலி. 1907-இல் அமெரிக்காவில் வில்சன் என்பவர் உயிருள்ள பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்தார். சிதறிய அணுக்கள் தாமாகவே கூடி மறுபடியும் பஞ்சாயின. யாரும் மந்திரம் ஓதவில்லை!

இன்னொன்றும் கவனியுங்கள். சீப்பு ஜெல்லி என்ற பிராணியை முன்பு சொறியோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அது கொட்டும் அணுக்களை உண்டாக்குவதில்லை முதலிய வித்தியாசங்களைக் கண்டபின் தனிக் கூட்டமாகப் பிரித்துவிட்டார்கள். அத்தாட்சி வந்தால் பிரிவினையை மாற்றுவதுதான் அறிவின் யோக்கியதை.

இந்த அறிவால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்களாகில், சொல்லுகிறோம். சொறி பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்த்தாலும், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாலும், இன்னும் வெடிக்காத அணுக்கள் வெடித்து வேதனை அதிகமாகும். கடல் நீரால் கழுவுங்கள். ஒட்டிய நூல்களை வெறுங்கையால் தொடாமல் எடுங்கள். பிறகு பொறுக்கக்கூடிய, சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ, பார்வை பார்க்கிறவரிடம் போய்ப் பொழுதைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கரையொதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறியும் கொட்டும். பிள்ளைகளை அதன் கிட்டே விடாதீர்கள்.

கொட்டினது விதியல்ல, ஓர் அணுவின் வேலை என்று தெரிந்தவன் அழுதுகொண்டு நிற்கமாட்டான், வெந்நீர் வைப்பான். அவ்வளவுதான் நாம் சொல்லவந்தது.