கடைசல் பட்டறையும் சாரல் கடையும்
(குற்றாலத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய உரை)



சாரல் பருவத்தில் குற்றாலத்துக் கடைவீதியைக் கடந்து அருவிக்குச் செல்லாதவர் நம்மில் எவருமிலர். அங்கே பழங்களுக்கும் வற்றல்களுக்கும் இடையே குழந்தைகளுக்கான மரச் சொப்புகளும் விற்பனைக்கு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இச்சொப்புகளுக்குப் பேர்பெற்ற ஊர் அம்பாசமுத்திரம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை அவ்வூரும் நம் ஊர்களும் திருநெல்வேலி என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே இதனை அயலூர்த் தொழிலென்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

இது குடும்பத் தொழில். முற்காலத்தில் ஒருவர் கயிற்றை இழுத்துக் கடைசலைச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடிப்பார். வீட்டார் துணையின்றி வேலை நடவாது. மின்விசை வந்தபின் கயிறு போயிற்று; உளி பிடிக்கும் கைக்கு மட்டும் மாற்று வரவில்லை. உருக்கொடுத்த மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்த, மெருகு ஏறுகிறது. தூரிகையே வேண்டியதில்லை.

சொப்பு என்பது நம் அடுக்களையின் சிறுவடிவம். முன்பு அம்மி, உரல், திருகை, குடம், விறகடுப்பு ஆகியவற்றைக் கடைந்தார்கள். இன்று அதே கடைசலில் எரிவாயு அடுப்பும் மிக்ஸியும் உருவாகின்றன. பழமை கெட்டதென்று வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அம்மியும் அக்காலத்து வீட்டில் கண்டதைப் பார்த்துக் கடைந்ததுதானே!

தொல்லை மரத்தில்தான் இருக்கிறது. இத்தொழிலுக்கு உகந்தது மஞ்சள் கடம்பு. களக்காடு–முண்டந்துறை மலைப்பகுதி 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. தாமிரபரணி பிறக்கும் காடு காக்கப்பட வேண்டியதே. அந்நீரை நம்பிப் பயிரிடும் உங்களுக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. எனினும் பட்டறைக்கு மரம் வேண்டுமே! தைலமரம், ரப்பர் மரம் ஆகியவற்றைக் கொண்டு ஒருவாறு ஈடுகட்டுகிறார்கள்.

கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் இதேபோன்ற அரக்குப் பொம்மைகளை வெட்பாலை மரத்தில் கடைகிறார்கள். வெட்பாலை நம் புன்செய் நிலத்திற்கும் ஏற்ற மரம். அதன் இலை சித்த மருத்துவத்தில் தோல்நோய்த் தைலத்திற்குப் பயன்படுவதும் பலர் அறிந்ததே. வரப்பிலும் தரிசிலும் சில கன்றுகளை வைப்பதால் உழவருக்கு நட்டமொன்றும் இல்லை. முன்பு சொப்புகளை இட்டு விற்ற பனையோலைப் பெட்டியை மீண்டும் கேட்டு வாங்கினால், முடையத் தெரிந்த நம் ஊர்ப் பெண்டிருக்கும் கூலி கிடைக்கும்.

சந்தையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. மத்திய அரசின் கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. பதிவில்லாத குடும்பம், நூறு பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு நடுவே, சட்டத் துணையுமின்றி நிற்க நேரிடும். தொழில் தெரிந்தும் அடையாள அட்டை பெறாதவர் உங்கள் ஊராட்சியில் இருந்தால், அவர்களை ஒன்றிய அலுவலகத்திற்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நிரப்ப நாம் உதவுவோம். சாரல் காலக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போது, அட்டை பெற்ற குடும்பமொன்று தன் சரக்கைத் தானே விற்கவும், ஒரு கடைசலை அங்கேயே ஓட்டிக் காட்டவும் இடம் தர வேண்டுமென்று கோருவோம். சாரல் ஜூனில் தொடங்கிவிடும். தீர்மானம் மே மாதக் கூட்டத்திலேயே வரட்டும்.