கழுகுமலைப் பள்ளியும் மாணவர் ஒழுக்கமும்

 

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தை, "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், தோலை உரித்தாலும் கேட்க வரமாட்டோம்" என்று ஆசிரியரிடம் சொல்லிச் செல்வது கரிசல் சீமையில் நெடுநாள் வழக்கம். அன்று ஆசிரியர் கையில் பிரம்பு இருந்தது. இன்று இல்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, உடலை வருத்தும் தண்டனை விலக்கப்பட்டது. 2009இல் இயற்றப்பெற்ற கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மனத்தை வருத்துவதையும் சேர்த்துத் தடுத்தது. பிரம்பு போனதோடு ஒழுங்கும் போயிற்று என்று பெற்றோரும் ஆசிரியரும் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொய்யன்று. பிரம்பை எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பது சரிவரச் சொல்லப்படவில்லை. அதற்குரிய விடை சமண அறத்தில் முன்னரே உண்டு.

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை உள்ளது. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியில் அங்கே பெரியதொரு சமணப் பள்ளி விளங்கிற்று. பராந்தக நெடுஞ்சடையனின் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டும் அங்கு உண்டு. தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் குரவர், குரத்தியர், மாணாக்கர், மாணாக்கியர் என்னும் பெயர்கள் நிறைந்துள்ளன. திருநறுங்கொண்டை, கோட்டாறு, திருச்சாரணம் ஆகிய தொலைவூர்களைச் சார்ந்தோரும் அங்கே இடம்பெற்றுள்ளனர். தச்சர், கொல்லர், குயவர் முதலிய கைத்தொழிலாளரும் திருவுருவம் செய்வித்தோர் வரிசையில் உள்ளனர்.

இக்கல்வெட்டுகள் பலவற்றில் மாணாக்கர் பெயர் தனித்து நிற்பதில்லை. இன்ன குரவரின் மாணாக்கர், இன்ன படாரரின் மாணாக்கியர் என்றே அவர்கள் குறிக்கப்பெறுகின்றனர். மாணாக்கரின் பெயரோடு ஆசிரியரின் பெயரும் கல்லில் ஏறுகிறது. ஆதலின் மாணாக்கரின் நடத்தைக்கு ஆசிரியரும் பொறுப்பாகிறார். ஒழுக்கம் இருவருக்கும் பொதுவான ஒரே உடைமை என்பது அம்மலை உணர்த்தும் முதற்பாடம்.

இதே நெறியை நன்னூலிலும் காணலாம். பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தை முன்னும் மாணாக்கர் இலக்கணத்தைப் பின்னும் வைத்தார். கற்பிப்போர் தம்மை அளந்துகொண்ட பின்னரே கற்போரை அளக்க வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். ஆசிரியருக்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று நிலம். கரிசல் உழவருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. காய்ந்தபோது உழுதால் கரிசல் கட்டி கட்டியாகப் பெயரும். நனைந்தபோது உழுதால் கலப்பையில் அப்பிக்கொள்ளும். பதம் பார்த்து உழுதால் மட்டுமே பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும். மாணவர் மனமும் அத்தகையதே.

இனி, தண்டனைக்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவை ஆடு மாடுகளுக்கும் பொருந்தும். "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை மாட்டின் பொருட்டேகூடச் சமணம் ஏற்கவில்லை. இவ்வைந்தையும் பள்ளியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அறையில் அடைத்து வைப்பது கட்டுதலாகும். பிரம்படி வெளிப்படை. செவியைத் திருகிப் புண்படுத்துவது உறுப்பைச் சிதைப்பதன் சாயல். ஒரே பாடத்தை நூறு முறை எழுதச் சொல்வது பெருஞ்சுமை. மதிய உணவு வேளையில் வெயிலில் நிற்க வைப்பது உணவைத் தடுத்தலாகும். 2003க்கும் 2009க்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே சிராவகர்க்கு இவை விலக்கப்பட்டவை.

அடிக்கலாகாது எனின், தவறு செய்தோரைத் திருத்துவது எங்ஙனம்? அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தத்தின் ஒன்பது வகைகளை வரிசைப்படுத்துகிறது. துறவியர்க்காக எழுந்த அம்முறையைப் பள்ளிக்கும் தக்கவாறு கொள்ளலாம். தவற்றை ஒளிக்காமல் ஆசிரியரிடம் கூறுதல் ஆலோசனை. அதற்காக வருந்தி மீளுதல் பிரதிக்கிரமணம். மூன்றாவது, இவ்விரண்டும் சேர்ந்தது. தவற்றுக்குக் காரணமான பொருளை நீக்குதல் விவேகம். வகுப்பில் கைப்பேசியை வாங்கி வைப்பது இவ்வகை. சிறிது நேரம் அசையாது அமர்ந்து தன்னை எண்ணுதல் வியுத்சர்க்கம். அடுத்தது தவம், சிறுவர்க்கு இதனைப் பட்டினி எனக் கொள்ளலாகாது, விரும்பி ஏற்கும் சிறு பணி எனக் கொள்ளல் வேண்டும். மூப்பைக் குறைத்தல் சேதம். வகுப்புத் தலைமை போன்ற பொறுப்பைச் சில நாள் திரும்பப் பெறுவது அதற்கு நிகர். சில காலம் விலக்கி வைத்தல் பரிகாரம். மீண்டும் நெறியில் நிலைநிறுத்துதல் உபஸ்தாபனம்.

இவ்வரிசை கருதத்தக்கது. தொடக்கம் பேச்சு, முடிவு மீட்பு. விலக்கி வைத்தல் எட்டாவதாகத்தான் வருகிறது. அதன் பின்னும் ஒன்று மீதமிருக்கிறது. இன்றைய பள்ளிகள் பலவற்றில் முதற்குற்றத்திற்கே மாற்றுச் சான்றிதழ் எழுதப்படுகிறது. எட்டாவதை முதலாவதாகச் செய்து ஒன்பதாவதை மறந்துவிடுகின்றனர். வெளியேற்றப்பட்ட பிள்ளை எங்கே செல்கிறான் என்று கேட்போர் இல்லை.

ஆலோசனை முதலில் நிற்பதற்குக் கோவில்பட்டி வட்டாரத்தில் தனிக்காரணமும் உண்டு. தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே மிகுதி. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழிலில் சிறுவரும் ஈடுபடுத்தப்பட்டது நாடறிந்த செய்தி. இன்றும் தாய் விடியலில் வேலைக்குச் சென்ற வீட்டில், தம்பி தங்கையரைப் புறப்படச் செய்துவிட்டுத் தாமதமாக வரும் சிறுமி இருக்கக்கூடும். ஏன் தாமதம் என்று கேளாமல் வாயிலில் நிறுத்தினால், கடமையைச் செய்தவளே தண்டனை பெறுவாள்.

பிரம்பால் ஒருபோதும் திருத்த இயலாத குற்றமும் ஒன்றுண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அதே பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதைத் தடுக்குமாறு பரிந்துரைத்தது. கயிறு மணிக்கட்டில் ஏறுமுன் செருக்கு மனத்தில் ஏறிவிடுகிறது. சமண நூல்கள் எண்வகை மதங்களுள் குலச்செருக்கையும் சாதிச்செருக்கையும் வைத்து, அவை நற்காட்சிக்கு மாசு என்றன. கைத்தொழிலாளர் பெயரும் குரவர் பெயரும் ஒரே பாறையில் நிற்கும் கழுகுமலையை மாணவர்க்கு அழைத்துச் சென்று காட்டுவது இச்செருக்குக்கு ஏற்ற மருந்து.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறு செய்தால் அதை வீட்டில் அச்சமின்றிச் சொல்ல இடம் கொடுங்கள். சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை பொய் சொல்லக் கற்கும். ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது தோலை உரிக்கச் சொல்லாமல், "தவறினால் எங்களையும் அழையுங்கள், மூவரும் அமர்ந்து பேசுவோம்" என்று கூறுங்கள். ஆசிரியப் பணியில் உள்ளோர் வகுப்பிற்குள் நுழையுமுன், காலந்தவறாமை, கடுஞ்சொல் கூறாமை என்னும் இரு விரதங்களையேனும் தாமே ஏற்றல் நன்று.

ஜினேந்திரர் அருளால் அனைவரும் நலம் பெறுக.