பார்னெட்பி நிலையத்தில் கூட்ஸ் வண்டி குறைந்த கதை



சென்ற மாதம் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் ஓர் இளந்தோழர் கேட்டார்: "தோழரே, இங்கிலாந்திலே ரயிலைப் பார்க்கிறதுக்குன்னே ஜனங்க ஸ்டேஷனுக்குப் போவாங்களாமே? ஏறிப் போறதுக்கு இல்லையாம், சும்மா பார்க்கிறதுக்காம். நிஜமா?" நிஜம்தான் என்றோம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டு மணி நேரம் நின்று கால் மரத்துப் போனவனுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பார்க்கப் போனவர்களின் கண்ணெதிரே ஒரு பெரிய விஷயம் நடந்து முடிந்திருக்கிறது. இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறோம். நாம் அந்த ஊருக்குப் போனவர்களல்ல. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் இந்த வழக்கம் எப்படி வந்தது? 1942ம் ஆண்டு, யுத்த காலம். லண்டனில் வாட்டர்லூ ரயில்வே ஆபீசில் இயன் ஆலன் என்று ஒரு குமாஸ்தா. வயது இருபதுதான். எந்த என்ஜினுக்கு எந்த நம்பர் என்று கேட்டு ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் வந்துகொண்டிருந்தது. பதில் எழுதி அலுத்துப்போன அவர், எல்லா நம்பர்களையும் திரட்டி ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். பிரதிகள் பறந்துபோயின. அதன் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாகப் பிளாட்பாரங்களில் குவிந்தார்கள். என்ஜின் வந்தால் நம்பரைப் பார்த்துப் புத்தகத்தில் கோடு போடுவது, எல்லா நம்பரையும் முடிப்பது, இதுதான் ஆட்டம். பணம் வேண்டாம், பந்து வேண்டாம். தொழிலாளி வீட்டுப் பையனுக்கும் முடியும். லெவல் கிராசிங் கேட்டில் நின்று கூட்ஸ் வண்டியின் வாகன்களை எண்ணாத பிள்ளை நம் ஊரிலும் உண்டா?

இப்படி ஆட்கள் கூடிய இடங்களில் ஒன்று பார்னெட்பி. இங்கிலாந்தின் கிழக்கே, வட லிங்கன்ஷையரில் ஒரு கிராமம். கிராமம் சின்னது, ஆனால் தண்டவாளம் பெரிது. கிழக்கே இம்மிங்ஹாம் துறைமுகம். மேற்கே நிலையத்தைத் தாண்டியதும் ராபி ஜங்ஷன். அங்கே பாதை மூன்றாகப் பிரிகிறது: ஒன்று ஸ்கன்தார்ப் உருக்காலை வழியாக டான்காஸ்டருக்கு, ஒன்று கெய்ன்ஸ்பரோவுக்கு, ஒன்று லிங்கனுக்கு. துறைமுகத்திலிருந்து மேற்கே எந்தச் சரக்கு போனாலும் பெரும்பாலும் இந்தப் பிளாட்பாரத்தை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். நிலக்கரி, இரும்புத் தாது, பெட்ரோல் டாங்கிகள், உருக்குப் பாளங்கள் எல்லாம் போயின. ஒரு நிலக்கரி வண்டி என்றால் ஏறத்தாழ 1,500 டன். ஒன்று போய்ச் சத்தம் அடங்குமுன் அடுத்ததற்குக் கைகாட்டி வழிவிடும். ஆம், கைகாட்டி மரங்கள்தான்; 2015 கடைசி வரை அங்கே அவை இருந்தன. ராபி ஜங்ஷன் கேபினில் மட்டும் 137 லீவர்கள். பிளாஸ்க்கில் டீயும் ரொட்டியும் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, ஒரு கேள்வி. அந்த நிலக்கரி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து நிலக்கரிக்குப் பேர்போன தேசம். 1913ல் பிரிட்டனின் சுரங்கங்கள் 28 கோடி டன்னுக்கு மேல் வெட்டி எடுத்தன. சுரங்கத் தொழிலாளர் பத்து லட்சத்துக்கு மேல். டான்காஸ்டரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சுரங்கம். அப்படியானால் நிலக்கரி வண்டி சுரங்கத்திலிருந்து வரவேண்டும். பார்னெட்பியிலோ துறைமுகத்திலிருந்து வந்தது! கொல்லைக்குக் குளத்திலிருந்து தண்ணீர் இறைக்காமல் குளத்தைத் தூர்த்துவிட்டு வண்டி கட்டித் தண்ணீர் வாங்கிய கதை இது. எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1984 மார்ச்சில் தாட்சர் சர்க்காரின் காலத்தில் நிலக்கரி போர்டு சுமார் 20 சுரங்கங்களை மூடப்போவதாகவும் 20,000 பேருக்கு வேலை போகும் என்றும் சொன்னது. அப்போது பிரிட்டனில் ஏறத்தாழ 170 சுரங்கங்கள் இருந்தன. ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மூடப்போவது இருபதல்ல, அதைவிட மிக அதிகம் என்று ஸ்கார்கில் அன்றே சொன்னார். இல்லவே இல்லை என்றது சர்க்கார். பின்னாளில் வெளிவந்த சர்க்கார் தஸ்தாவேஜுகளில், 75 சுரங்கங்களை மூடும் யோசனை அப்போதே பேசப்பட்டது பதிவாகியிருக்கிறது.

அந்த வேலைநிறுத்தத்தில் நாம் பேசும் இந்தப் பாதைக்கு ஒரு பங்கு உண்டு. ஸ்கன்தார்ப் உருக்காலைக்குத் தாது இம்மிங்ஹாமிலிருந்து ரயிலில்தான் போகவேண்டும். சுரங்கத் தொழிலாளருக்கு ஆதரவாக ரயில் தொழிலாளர் கையை மடக்கினார்கள். வண்டி தடைப்பட்டது. நிர்வாகம் என்ன செய்தது? தாதுவை லாரிகளில் ஏற்றியது. ஏற்றுவதற்குத் துறைமுகப் பதிவுபெற்ற தொழிலாளரை விட்டுவிட்டு காண்டிராக்ட் ஆட்களை வைத்தது. 1984 ஜூலையில் இதை எதிர்த்து இம்மிங்ஹாமில் பற்றிய நெருப்பு, தேசமெங்கும் துறைமுக வேலைநிறுத்தமாக மூண்டது. இரண்டு வாரத்துக்குள் அது முடிந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளர் தனியே நின்றார்கள். கஞ்சித்தொட்டி வைத்து, நகையை விற்று, ஒரு வருஷம் நின்றார்கள். 1985 மார்ச் 3ந் தேதி வேலைக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. பாண்டு வாத்தியத்துடனும் சங்கக் கொடியுடனும் அணிவகுத்துச் சுரங்கத்துக்குள் போனார்கள். தோற்றவர்கள் போலவா போனார்கள்?

ஆனாலும் தோல்வி தோல்விதான். மூடுவிழா வேகமாக நடந்தது. 1992 அக்டோபரில் ஒரே நாளில் 31 சுரங்கங்களை மூடுவதாக மந்திரி அறிவித்தார். 30,000 பேர் வேலை. மிச்சமிருந்த சுரங்கங்களை 1994ல் தனியாருக்கு விற்றார்கள். ரயில்வேயும் அதே வழி போயிற்று: 1948ல் தேசியமயமானது, 1993ம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு துண்டாகத் தனியாரிடம் போனது.

மின்சார நிலையங்கள் மட்டும் நிலக்கரியை எரித்துக்கொண்டேதான் இருந்தன. டிராக்ஸ், பெர்ரிபிரிட்ஜ், எக்பரோ, காட்டம், வெஸ்ட் பர்ட்டன் எல்லாவற்றுக்கும் கரி வேண்டும். சுரங்கம் மூடிய தேசத்தில் கரி எங்கே? ருஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. 2013ல் மட்டும் ஏறத்தாழ 5 கோடி டன் இறக்குமதி. அந்த வருஷம் பிரிட்டன் தன் மண்ணில் எடுத்ததோ 1.3 கோடி டன்கூட இல்லை. இறக்குமதியில் பெரும் பங்கு இம்மிங்ஹாமில் இறங்கியது, பார்னெட்பி வழியாகப் போனது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், "ஆஹா, எத்தனை வண்டி!" என்று நோட்டில் எழுதினார்கள். ஒவ்வொரு வண்டியும் மூடிய ஒரு சுரங்கத்தின் வேலையைச் சுமந்துகொண்டு போயிற்று. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிலும் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

என்ஜினையும் சொல்லிவிடுவோம். பழைய "60" ரக என்ஜின்கள் நூறும் இங்கிலாந்திலேயே லப்பரோ என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்தவை. ரயில்வே தனியார் கைக்குப் போனபின், சரக்கு வண்டிகளை வாங்கிய கம்பெனி 1998லிருந்து "66" ரக என்ஜின்களை 250 இறக்கியது. செய்தது கனடாவில். அதன் கூரை வடிவத்தைப் பார்த்து, ரயில் பார்ப்பவர்கள் "கொட்டகை" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கரியும் கப்பலில், இழுக்கும் என்ஜினும் கப்பலில்.

பிறகு வந்தது 2015. கரிப்புகைக்கு விதித்த வரியை அந்த ஏப்ரலில் டன்னுக்கு 18 பவுனாக, ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தினார்கள். வரி ஏறுமுன்பே கம்பெனிகள் கரியை வாங்கிக் குவித்துக்கொண்டன. ஏறியதும் வண்டிகளை நிறுத்திவிட்டன. ஒரே வருஷத்தில் பிரிட்டிஷ் ரயில்வேயின் நிலக்கரிப் போக்குவரத்து மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. டான்காஸ்டருக்கு அருகே ஹாட்பீல்டு சுரங்கம் ஜூனில் மூடியது. டிசம்பர் 18ந் தேதி கெல்லிங்லி சுரங்கத்தில் கடைசி ஷிப்டு ஏறி வந்தது. 450 பேர் வேலை முடிந்தது. அதுதான் பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம். பூமிக்குள் கரி இருந்தது, மேலே வந்த ஆட்களுக்கு வேலை இல்லை.

அடுத்த வாரமே கிறிஸ்துமஸ் லீவில் பார்னெட்பி பாதையை அடைத்துக் கைகாட்டி மரங்களைப் பிடுங்கினார்கள். 137 லீவர் கேபினின் வேலை தொலைவில் உள்ள யார்க் நகரத்துக்குப் போயிற்று. கடைசிக் கைகாட்டியைப் படம் பிடிக்கப் போனவர்கள், அதன் அடியில் கரி வண்டி அருகிப் போனதையும் பார்த்தார்கள். கேபின் கட்டடம் புராதனச் சின்னமாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கேபினில் வேலை செய்தவர்களின் வேலையைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டம் இல்லை.

2016 அக்டோபரில், நாட்டின் பெரிய சரக்கு ரயில் கம்பெனியான டிபி கார்கோ 893 பேரை ஆட்குறைப்பு செய்யப்போவதாக அறிவித்தது. காரணம்: கரி இல்லை, உருக்கு மந்தம். கரி ஓடிய வருஷங்களில் வந்த லாபம் எங்கே போனது என்று டிரைவர் கேட்டால் யார் பதில் சொல்வது?

இங்கே நிதானமாக ஒன்று சொல்லவேண்டும். கரியை எரிப்பதால் பூமி சூடேறுகிறது என்பது விஞ்ஞானம். மழை தப்பி, பயிர் கருகி, அதை முதலில் அனுபவிப்பவன் விவசாயக் கூலிதான். ஆகவே கரி வண்டி திரும்ப வரவேண்டும் என்று நாம் அழவில்லை. 2012ல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30ந் தேதி ராட்கிளிப் நிலையத்தின் நெருப்பு அணைந்ததும் அது பூஜ்யமாயிற்று. 1882ல் லண்டனில் தொடங்கியது 142 வருஷத்தில் முடிந்தது. நல்லது. நாம் கேட்பதெல்லாம் வேறு: 1984ல் சுரங்கத்தை மூடினார்களே, புகைக்காகவா மூடினார்கள்? மூடிய பிறகு முப்பது வருஷம் அந்நிய நாட்டுக் கரியை அதே அடுப்பில் எரித்தார்களே! சுரங்கத் தொழிலாளியிடம் "உன் கரி லாபமில்லை" என்றார்கள். ரயில் தொழிலாளியிடம் "கரியே ஆகாது" என்றார்கள். சொன்ன காரணம் வேறு, வேலை போனவன் தொழிலாளி. மாற்று வேலைக்கு யார் திட்டம் போட்டார்கள்? வரியை எந்தத் தேதியில் ஏற்றுவது என்பதற்குத் திட்டம் இருந்தது.

இப்போது பார்னெட்பியில் வண்டியே இல்லையா என்றால், இருக்கிறது. டிராக்ஸ் நிலையம் கரிக்குப் பதில் மர உருண்டைகளை எரிக்க ஆரம்பித்தது. மரம் பெரும்பாலும் அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களிலும் கனடாவிலும் வெட்டிக் கப்பலில் வருகிறது. கரி வண்டி போன பாதையில் மூடிய வாகன்களில் அது போகிறது. காடு வெட்டுவது எப்படிச் சுத்தமாகும் என்று அங்கே பலத்த விவாதம் நடக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஸ்கன்தார்ப் உருக்காலை விஷயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறோம். அங்கே நான்கு ஊதுலைகளுக்கும் ராணிகளின் பெயர்: மேரி, பெஸ், ஆன், விக்டோரியா. கடைசியில் எரிந்துகொண்டிருந்தவை பெஸ், ஆன் என்ற இரண்டுதான். ஆலை கைமாறிக் கைமாறி 2020ல் சீனாவின் ஜிங்யே கம்பெனியிடம் போனது. 2025 மார்ச்சில் அது இரண்டு உலைகளையும் மூடும் யோசனையை வெளியிட்டது. 2,700 பேர் வரை வேலை போகும் என்ற நிலை. உலையை ஒருமுறை குளிரவிட்டால் மறுபடி ஏற்றுவது பிரம்மப் பிரயத்தனம். கச்சாப்பொருளோ நாளுக்கு நாள் குறைகிறது. கம்பெனி அதிகாரிகள் உள்ளே வந்தபோது தொழிலாளர் வாசலில் தடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஏப்ரல் 12, சனிக்கிழமை. லீவில் போயிருந்த பார்லிமெண்டைக் கூப்பிட்டு ஒரே நாளில் சட்டம் போட்டு, ஆலையை நடத்தும் அதிகாரத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1984ல் "சர்க்கார் தலையிடாது, கணக்குதான் பேசும்" என்றவர்களின் பார்லிமெண்டு இது!

அந்த வாரம் இம்மிங்ஹாம் துறைமுகத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கோக் கரியும் தாதுவும் இருந்தன. பணம் கட்டாததால் ஆலைக்குப் போகாமல் நின்ற சரக்கு. சர்க்கார் பணத்தைக் கட்டியது, சரக்கு விடுபட்டது. துறைமுகத்திலிருந்து ஸ்கன்தார்ப்புக்கு இருப்புப்பாதை பார்னெட்பி வழியாகத்தான். 41 வருஷத்துக்கு முன் ரயில் தொழிலாளர் தாது வண்டியைத் தடுத்த அதே பாதை. இந்தத் தடவை, வண்டி எப்போது வரும் என்று உலையடியில் காத்திருந்தவர்கள் தொழிலாளர்கள்.