சாய்ந்த மரத்துக்கும் ஒரு வேலை உண்டு



டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கெனிங் குன்றுக்கு ஏறும் சுருள் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. மேலே கவிந்து நிற்கும் மரத்தோடு படம் பிடித்துக்கொள்ள அங்கே இளையர்கள் வரிசையில் நிற்பார்கள். அது என்ன மரம் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அது மழை மரம். மாலையானால் இலைகளை மடக்கிக்கொள்வதால் தமிழ்நாட்டில் அதற்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். தூங்குவாகை என்றும் சொல்வார்கள். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து 1876-இல் சிங்கப்பூருக்கு வந்து, இந்த ஊர்ச் சாலைகளுக்கெல்லாம் குடை பிடித்த மரம் அது.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் சாமி சிலைகளும் கோயில் வாகனங்களும் செதுக்கும் சிற்பிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் உளி வைக்கும் மரங்களில் இந்தத் தூங்குவாகையும் ஒன்று. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அங்கே சிலையாகும் அதே மரம், இங்கே வெட்டப்பட்டால் பெரும்பாலும் தூளாகி உரமாகிறது, இல்லையேல் எரிபொருளாகிறது. 2012-இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களில், வெட்டிய கிளைகளையும் மரக்கழிவுகளையும் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், நூறாண்டு வளர்ந்த அடிமரமும் அதே அடுப்புக்குப் போக வேண்டுமா?

மரத்தை வெட்டவே கூடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் பூமலையில் பழம்பெரும் தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்ததில் ஓர் உயிர் போனது. உள்ளே உளுத்துப்போன மரங்களை அகற்றத்தான் வேண்டும். அகற்றியபின் அதை என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

அந்தத் தெம்புசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் கிளை தாழ்த்தி நிற்பது பூமலையின் இன்னொரு தெம்புசு மரம்தான். சட்டைப் பையில் அதைச் சுமந்து திரிபவர்களுக்கும் அதன் கட்டையின் குணம் தெரியாது. இரும்பு போன்ற உறுதி. கரையான் எளிதில் அண்டாது. தூணுக்கும் பாலத்துக்கும் பயன்பட்ட மரம். காய்கறி வெட்டும் பலகைக்கு இதைப் போல் உழைக்கும் மரங்கள் குறைவு. உளிக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது என்பதால், நுணுக்கமான சிற்பத்துக்கு இது தோதல்ல.

சாலையோரங்களில் நிற்கும் அங்சானாவோ தமிழர்களுக்கு உறவுக்கார மரம். வேங்கையும் செம்மரமும் இதன் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. செம்பொன் நிறமும் மெல்லிய நறுமணமும் கொண்ட கட்டை. மேசை, அலமாரி, பூசை மாடம் எல்லாவற்றுக்கும் ஏற்றது. இழைக்கும்போது பறக்கும் தூள் சிலருக்கு ஒவ்வாது; முகக்கவசம் அவசியம்.

மழை மரத்தின் நடுவயிரம் சாக்லேட் நிறம். வெளிப்பகுதி வெளிர் மஞ்சள். இரண்டும் சேர்ந்த கிண்ணங்களும் தட்டுகளும் ஹவாயிலும் தாய்லாந்திலும் பெயர் பெற்றவை. காயும்போது அதிகம் சுருங்காததால், ஈரமாக இருக்கும்போதே கடையலாம். தொடக்கநிலைக் கைவினைஞருக்கு ஏற்ற மரம் இதுதான். பலா மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீணையும் மிருதங்கமும் பிறப்பது அதில்தானே!

இத்தனை இருந்தும் ஏன் புழக்கத்துக்கு வரவில்லை? முதல் காரணம் பொறுமை. திறந்த வெளியில் உலர்த்தினால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. இந்த ஈரக் காற்றில் அரைகுறையாகக் காய்ந்த பலகையைக் குளிரூட்டிய அறையில் வைத்தால் கோணும், வெடிக்கும். அதற்காகத்தான் கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ சாயமோ பூசி, நிழலில் அடுக்கி வைக்கிறார்கள். இரண்டாவது காரணம் செலவு. இடத்துக்கு வாடகை, அறுவைக்குக் கூலி. நகரத்து மரத்துக்குள் பழைய ஆணி புதைந்திருந்தால் ரம்பத்தின் பல்லே போய்விடும். இதனாலெல்லாம் இறக்குமதிப் பலகையே மலிவாகத் தெரிகிறது.

இருந்தும் முயன்றவர்கள் உண்டு. ரோஜர் அண்ட் சன்ஸ் என்ற சிங்கப்பூர்த் தச்சுப் பட்டறை, வெட்டப்பட்ட உள்ளூர் மரங்களை வாங்கி அறுத்து, அறைகலன்களாக மாற்றியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களின் கை ஓங்க, வாங்குவோர் கேட்க வேண்டும். அடுத்த முறை பூரிக்கட்டையோ மணைப்பலகையோ வாங்கும்போது, "இது என்ன மரம், எங்கே வளர்ந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாலையில் விழுந்த கட்டையை மட்டும் அனுமதி இல்லாமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள்!

2020-இல் தொடங்கிய திட்டத்தின்படி, 2030-க்குள் பத்து லட்சம் மரங்களை நட சிங்கப்பூர் உறுதி எடுத்தது. அவையும் ஒரு நாள் மூப்படையும். அன்று அவற்றை அறுக்க ரம்பம் இருக்கும். எது பலகைக்கு, எது சிலைக்கு என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் கை இருக்குமா? ஒரு கிண்ணமாவது செதுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். அந்தக் கை அங்கேதான் உருவாகும்.